முதல்முறை தெருக்கூத்து பார்க்கப் போகிறவர்களுக்கு

வார நாட்களில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனில் கேம் ஆடுகிறவன் நான். பிடித்த நடிகரின் படம் என்றால் முதல் நாள் காலைக் காட்சிக்கே போய்விடுவேன். பஸ்ஸில் ஏறினால் காதில் ஹெட்போன் இருக்கும். இதற்கெல்லாம் நடுவில், வருடத்தில் ஏழெட்டு ராத்திரி செய்யாறு, வந்தவாசி, ஆரணி பக்கத்துக் கிராமங்களில் ஏதாவது ஒரு கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து கூத்து பார்த்துக்கொண்டிருப்பேன். "அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போடா" என்று கேட்கும் நண்பர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. விடியும்வரை உட்கார முடிகிற ராத்திரியில் மட்டும் போங்கள். ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல்முறை போனபோது எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். பத்தரை மணிவரை எதுவும் தொடங்கவில்லை. அதன் பிறகும் பாட்டும் பேச்சுமாகவே போனது. ஒரு மணிக்கு எழுந்து, தெரிந்தவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் டீக்கடையில் ஒரு பெரியவர், "நாலு மணிக்கு அர்ச்சுனன் மரம் ஏறினானே, பார்த்தியா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைய கூத்தே அர்ச்சுனன் தபசுதான். எதற்காக ஊரே கூடியிருந்ததோ அதைப் பார்க்காமல் வந்திருந்தேன். மறுபடி அதைப் பார்க்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எந்த ஊர், எந்த மாதம்

தெருக்கூத்து தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரி நடப்பதில்லை. அது அதிகம் உயிரோடு இருப்பது வட மாவட்டங்களில்: திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், ராணிப்பேட்டை, விழுப்புரம், கடலூர். கலைஞர்களே வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று பிரித்துச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பாட்டின் போக்கும் அடவும் (ஆட்டத்தின் கால் அசைவுகள்) வேறுபடும். முதல்முறை போகிறவருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. பக்கத்தில் எது நடக்கிறதோ அதற்குப் போங்கள்.

பங்குனியில் தொடங்கி ஆடி முடியும்வரை கூத்து மும்முரமாக நடக்கும் காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடப்பது அப்போதுதான். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். பெரும்பாலும் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டுகளை எடுத்துப் பாடி விளக்குவார்கள். அந்தக் கதை ராத்திரியில் கூத்தாக வரும். பிரசங்கம் பதினெட்டு, இருபது நாள் நடக்கும் ஊர்களில் கடைசிப் பத்து ராத்திரியாவது கூத்து இருக்கும். செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேலச்சேரியைத்தான் திரௌபதி அம்மனுக்கு ஆதி இடம் என்பார்கள். ஆனால் முதல் கூத்துக்குப் பெயர்பெற்ற கோயிலைத் தேடிப் போக வேண்டும் என்பதில்லை.

எப்போது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரமம். டிக்கெட் விற்கும் ஆப் எதிலும் இது வராது. மேற்சொன்ன ஊர்களில் சுவரையும் டீக்கடைத் தூணையும் பாருங்கள். "மகாபாரத அக்னி வசந்த விழா" என்று தலைப்பிட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் தேதிவாரியாகப் பகல் பிரசங்கம், இரவு நாடகத்தின் பெயர், ஆடும் ஜமாவின் பெயர் எல்லாம் இருக்கும். ஜமா என்றால் கூத்துக் குழு. ஊரில் "கூத்து" என்று கேட்டாலும் "நாடகம்" என்று கேட்டாலும் சொல்வார்கள். நோட்டீஸை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுகிற அன்று காலையில் அதில் இருக்கும் விழாக்குழு எண்ணுக்குப் பேசி, கூத்து உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மழை வந்தால் தள்ளிப்போகும். ஊரில் சாவு விழுந்தாலும் தள்ளிப்போகும்.

எந்தக் கதைக்குப் போவது

பத்து ராத்திரியில் ஒரு ராத்திரிதான் போக முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் விருப்பத்தைச் சொல்கிறேன்.

முதலிடம் கர்ண மோட்சத்துக்கு. கருமாதிக்கும் இதை ஆடுவார்கள் என்பதால், திருவிழாக் காலத்துக்கு வெளியிலும் இது கிடைக்கும். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று அவனை இத்தனை காலமும் இளப்பமாக நடத்தியவள் அவள். தன் பிறப்பின் உண்மை கர்ணனுக்கு இப்போது தெரியும். நாளை உயிரோடு திரும்பப் போவதில்லை என்பதும் தெரியும். இரண்டு பேருக்கும் நடக்கும் அந்தத் தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போகும். பாட்டு, பதில் பாட்டு, கோபம், அழுகை எல்லாம் அதில் இருக்கும். சினிமாவில் இவ்வளவு நீளமான ஒரு கணவன் மனைவி சண்டையை யாரும் எடுக்கத் துணிய மாட்டார்கள். வியாச பாரதத்தில் தேடினால் பொன்னுருவி கிடைக்க மாட்டாள். அவள் நம் பக்கத்துக் கதைகளில் இருப்பவள். பெண்கள் பக்கமிருந்து முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அசைவு வரிசையாகப் போவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அர்ச்சுனன் தபசு. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவம் இருக்கும் கதை. களத்தில் உயரமான மரம் நட்டிருப்பார்கள். அதைத் தபசு மரம் என்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கீழே வீசுவார். குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்கள் ஈரத்துணியோடு கீழே காத்திருப்பார்கள். அந்த இடத்தில் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். படம் எடுக்கிறேன் என்று அவர்களுக்கு நடுவே நுழையக் கூடாது.

பகடை துகில் என்று நோட்டீஸில் இருந்தால் அது சூதாட்டமும் துகிலுரிதலும். துச்சாதனன் வேஷம் போட்டவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் நடிப்பை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, தான் செய்யப் போவதைப் பொறுத்துக்கொள்ளும்படி அம்மனிடம் வேண்டிக்கொள்வார். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கூட்டத்தில் சிலருக்குச் சாமி வரும். பயப்பட வேண்டாம், ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அபிமன்யு சண்டை, கீசக வதம், கிருஷ்ணன் தூது, சுபத்திரை கல்யாணம் எல்லாமே நல்ல ராத்திரிகள்தான். பதினெட்டாம் போர் மட்டும் தனி. அது ராத்திரியோடு முடியாது. மறுநாள் காலை படுகளம். களத்தில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். அவனைச் சுற்றி வீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். வீமன் தொடையில் அடித்தபின் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. ஒரு நாள் முழுக்க நின்று பார்க்க வேண்டும் என்பதால் முதல் தடவைக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

போவதற்கு முன்னால் வீட்டில்

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முழுக்கத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார். கதை முடிவை யாராவது சொல்லிவிட்டால் படம் கெட்டுவிடும் என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது. கர்ணன் சாகப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஜமாவின் கர்ணன் எப்படிச் சாகிறான் என்பதைப் பார்க்கத்தான் கூடியிருக்கிறார்கள். யூடியூபில் முழு ராத்திரிக் கூத்துகள் நிறைய இருக்கின்றன. போகப்போகும் கதையின் ஏதாவது ஒரு பதிவில் அரை மணி நேரம் ஹெட்போனில் கேளுங்கள். மேல் ஸ்தாயியில் பாடும் முறை காதுக்குப் பழகிவிடும். முதலில் கத்துகிற மாதிரி தோன்றும். மைக் இல்லாத காலத்தில் ஊர்க் கோடிவரை கேட்கப் பாடிய குரல் அது.

அப்புறம் பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பையில் என்ன வேண்டும்: பாய் அல்லது ஒரு பழைய போர்வை, மேலே போர்த்த இன்னொன்று (சித்திரையில்கூட மூன்று மணிக்கு மேல் குளிரும்), தண்ணீர், கொசு மருந்து, டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். டீயும் சுண்டலும் பஜ்ஜியும் கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும் என்று நம்ப முடியாது. கழிப்பறை வசதி இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் போவதாக இருந்தால், உள்ளூரில் தெரிந்த ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. கடைசி பஸ் ஒன்பது மணிக்குள் போய்விடும் ஊர்கள் நிறைய. அதிலேயே போய் இறங்கி, காலை முதல் பஸ்ஸில் திரும்புங்கள். தூக்கக் கண்ணோடு பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

போய்ச் சேர்ந்ததும்

முதலில் கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு. அடுத்து வேஷம் கட்டும் இடத்தைத் தேடுங்கள். பள்ளிக்கூடத் திண்ணையாகவோ ஓலைப் பந்தலாகவோ இருக்கும். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். வாத்தியார் என்றால் ஜமாவை நடத்துகிறவர். எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் கையில் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே முகம் எழுதுவார். துரியோதனன், துச்சாதனன் முகத்தில் சிவப்பு ஏறும். கிருஷ்ணனுக்குப் பச்சையோ நீலமோ.

பிறகு கட்டை. தலைக் கிரீடம், இரு தோளிலும் நிற்கும் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகள். கட்டைக்கூத்து என்ற பெயரே இதனால் வந்ததுதான். கலைஞர்களில் பலர் அந்தப் பெயரையே விரும்புகிறார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருப்பார்கள். அந்த மரம் எடை குறைவு. ராத்திரி முழுக்கச் சுமந்துகொண்டு சுழன்று ஆட வேண்டுமே. பக்கத்தில் இருந்து பார்த்தபின் களத்தில் விளக்கு வெளிச்சத்தில் அதே கண்ணாடித் துண்டுகள் மின்னுவதைப் பாருங்கள். கேமில் ஒரு கேரக்டரின் கவசத்தை நாள் கணக்கில் ஆராய்கிற நமக்கு, அவ்வளவு நேரமும் இங்கே நிற்கத் தோன்றும். ஆனால் பத்து நிமிடம் போதும். வேஷம் கட்டுகிறவர்களிடம் அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

உட்காரும் இடம் ரொம்ப முக்கியம். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உட்காராதீர்கள், மறுநாள் காது அடைத்துக்கொள்ளும். ஆடுகளத்தின் பின்பக்கம் பெஞ்சில் வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், கைத்தாளம், முகவீணை. அவர்கள் முகம் தெரிகிற மாதிரி, முன் வரிசைக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு ஓரமாகப் பாய் விரியுங்கள். முன் வரிசை பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும் உரியது. பல ஊர்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். அதைக் கவனித்து உட்காருங்கள்.

பத்து மணியிலிருந்து விடியும்வரை

வேஷம் எதுவும் வராமல் வாத்தியங்கள் மட்டும் அரை மணி நேரம்போல முழங்கும். இது களரி கட்டுவது. பக்கத்து ஊருக்குக் கேட்டு ஆட்கள் நடந்து வந்து சேர்வதற்கான நேரமும் அதுதான். முகவீணையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி போல இருக்கும், சத்தம் மட்டும் அதைவிடக் கூர்மை. பாடுகிறவர் இழுக்கும் இழுப்பை விடாமல் பின்தொடரும்.

சாமி பாட்டுகள் முடிந்ததும் கட்டியங்காரன் வருவான். ராஜாவுக்குச் சேவகன், நமக்குக் கதைசொல்லி, ராத்திரி முழுக்கச் சிரிக்க வைக்கிறவன், எல்லாம் அவன்தான். நேற்று ஊரில் தண்ணீர் வராததையும் பேசுவான், அஸ்தினாபுரத்தையும் பேசுவான். புதியவர்களுக்கு நான் சொல்வது, குழம்பும்போதெல்லாம் கட்டியங்காரனைக் கவனியுங்கள். ராஜா சமஸ்கிருதம் கலந்து நீளமாகப் பேசியதை அவன் பேச்சு வழக்கில் திருப்பிச் சொல்வான்.

அடுத்து வருவது என்னைக் கூத்துக்கு அடிமையாக்கிய இடம். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பின்னால் முதல் கட்டை வேஷம் நிற்கும். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், வேறெதுவும் தெரியாது. திரைக்குள் இருந்தே விருத்தம் பாடுவார். தான் யார், எப்பேர்ப்பட்டவன் என்று. தாளம் ஏறும். திரை ஆடும். ஒரு கணம் கிரீடம் மேலே எழும்பித் தாழும். கேமில் பெரிய எதிரி வருவதற்கு முன் இசை மாறுமே, தியேட்டரில் நாயகனின் காலை மட்டும் காட்டுவார்களே, இரண்டும் தரும் பரபரப்பு இங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நீளும். திரை விலகியதும் அந்த உருவம் களம் முழுக்கச் சுழன்று ஆடிக்கொண்டு வரும். சுழலும்போது பாவாடை விரிந்து காற்று நம்மேல் அடிக்கும். கட்டியங்காரன் "நீங்கள் யார்?" என்று கேட்பான். ராஜா குலம், நாடு, பெயர் எல்லாம் சொல்வார்.

பாட்டுகளில் ஒரு வரியை வேஷக்காரர் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். வார்த்தை புரியாவிட்டால் அவர்கள் திருப்பிப் பாடும்போது பிடித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரைதான் புதியவர்கள் எழுந்து போகும் நேரம். கதை நகராத மாதிரி இருக்கும். நடுவில் அன்பளிப்பு அறிவிப்புகள் வரும். யாரோ நூறு ரூபாய் தந்ததைக் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் சொல்வான். எரிச்சல் வேண்டாம், அந்தப் பணம் கலைஞர்களுக்குப் போகிறது. உங்களுக்கும் பிடித்திருந்தால் கொடுங்கள். சில்லறை நோட்டு கேட்டது அதற்காகத்தான். கண் சொக்கினால் அங்கேயே பாயில் சாய்ந்து அரை மணி நேரம் தூங்குங்கள். சுற்றிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். முக்கியமான இடம் வந்ததும் பக்கத்துப் பெரியம்மா தட்டி எழுப்பிவிடுவார். என்னை எழுப்பியிருக்கிறார்கள். ஊருக்கு மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

மூன்று மணிக்கு மேல் எல்லாம் மாறும். இத்தனை நேரம் சேர்த்து வைத்த கதை அப்போதுதான் வெடிக்கும். ஆடுகிறவர்கள் நாலைந்து மணி நேரமாக ஆடிக் களைத்திருப்பார்கள், குரல் கரகரக்கும். கர்ணன் அம்பு தைத்துக் கிடக்கையில், கிழப் பிராமணனாக வந்த கிருஷ்ணன், கர்ணன் செய்த தருமத்தையெல்லாம் கேட்டு வாங்கும் இடத்தில் அந்தக் கரகரப்புதான் வேண்டும். எந்த ஸ்டுடியோவிலும் அதைக் கொண்டுவர முடியாது. குந்தி மகனை மடியில் போட்டு அழும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

போன் பற்றி. ஃபிளாஷ் வேண்டாம், ஆடுகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு

பிடித்துப்போனால் அடுத்த முறை அதே ஜமா வேறு கதை ஆடும் ஊருக்குப் போங்கள். பிறகு அதே கதையை வேறு ஜமா ஆடுவதைப் பாருங்கள். இரண்டு கர்ணனை ஒப்பிடத் தொடங்கிவிட்டால் நீங்கள் ரசிகர் ஆகிவிட்டீர்கள்.

செய்யாறு பக்கத்துப் புரிசைக்கு ஒருமுறை போய் வாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பம் கூத்தாடும் ஊர். சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற கண்ணப்பத் தம்பிரான் அங்கே இருந்தவர். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும் கூத்தாக ஆடிக் காட்டினார். எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்கு இந்த ஊர்க் கூத்தில் அவர் கண்டதுதான் பெரிய தூண்டுதல். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இருக்கும் கட்டைக்கூத்துச் சங்கத்தை, கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கினார். 2002 முதல் 2020 வரை அங்கே நடந்த குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி வந்த கலையில் அது பெரிய மாற்றம். பெண்கள் துரியோதனனாக ஆடுவதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் கூத்து முடிந்ததும் உடனே பஸ்ஸுக்கு ஓடாமல், மறுபடி வேஷம் கட்டிய இடத்துக்குப் போங்கள். தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி உங்களைக் கலங்க வைத்த கர்ணன் பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். இப்போது தாராளமாகப் பேசலாம். "விடியுற வரைக்கும் இருந்தோம்ணா, நல்லா இருந்தது" என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்பார். நீங்களும் அடுத்த கூத்து எந்த ஊரில் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.